நான் ஓடியது ட்ரோனை நோக்கி

நீடாமங்கலம் பக்கம் வயல்களுக்கு ட்ரோனில் மருந்தடிப்பது என் தொழில். போன முறை இன்சூரன்ஸைப் புதுப்பித்தபோது ட்ரோனுக்கு மட்டும் போட்டேன். "கீழ இருக்கிறவங்களுக்கு அடிபட்டாலும் கிடைக்கிற மாதிரி சேர்த்துப் போட்டுக்குங்க" என்றார் ஏஜென்ட். "வயல்ல யாருங்க இருக்கப்போறா?" என்று சிரித்தேன்.

சம்பாப் பயிருக்கு மருந்தடிக்கப் போன ஒரு காலையில், பக்கத்து வயலில் ஐந்து பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கரையேறச் சொல்லியிருக்க வேண்டும். பத்து நிமிட வேலைதானே என்று ட்ரோனைக் கிளப்பிவிட்டேன். திருப்பும்போது பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பியில் தட்டி, ட்ரோன் மருந்தோடு அந்தப் பெண்கள் இருந்த வயலில் விழுந்தது. குனிந்திருந்த ஒரு அம்மாவுக்கும் அதற்கும் இடையே இரண்டு முழம்கூட இல்லை.

சேற்றில் விழுந்து எழுந்து ஓடினேன். ஓடிப்போய் ட்ரோனைத்தான் தூக்கினேன். அந்த அம்மாவின் முகத்தில் தெறித்த மருந்தை உடனிருந்த பெண்கள்தான் குடிதண்ணீரை ஊற்றிக் கழுவினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர், "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. மெஷின் உடைஞ்சிருச்சா?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

ட்ரோனுக்கு இன்சூரன்ஸ் கிடைத்தது. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை.

இப்போது ஆட்களுக்கும் சேர்த்தே இன்சூரன்ஸ் போடுகிறேன். வயலைச் சுற்றி நடந்து கம்பிகளைப் பார்த்து, கடைசி ஆள் கரையேறிய பிறகுதான் சுவிட்சைத் தொடுகிறேன். வழியில் அந்த அம்மாவைப் பார்த்தால் மட்டும் வண்டியை வேகமாக ஓட்டிவிடத் தோன்றுகிறது. அவரோ கையைக் காட்டி நிறுத்தி, "மெஷின் சரியாயிருச்சா தம்பி?" என்றுதான் இன்னமும் கேட்கிறார்.