தனியாக எழுதிய தீர்ப்பு

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு அன்று காலை ஒரு பெண் நீதிபதி வந்திருந்தார். கிழக்கு ஆப்பிரிக்க நாடொன்றின் உச்ச நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது எங்கள் சட்டக் கல்லூரியில் மனித உரிமைகள் பற்றிப் பாடம் நடத்துபவர். நான் அவருடைய ஆய்வு உதவியாளர்.

விசாரணையே இல்லாமல் ஒருவரை ஆண்டுக்கணக்கில் சிறையில் வைக்கக் கூடாது என்று அவர் ஒருமுறை தீர்ப்பு எழுதினார். மற்ற நீதிபதிகள் அத்தனை பேரும் எதிர்ப்பக்கம். அதற்குப் பிறகு பெரிய வழக்கு எதையும் அவர் கையில் கொடுக்கவில்லை. இப்போது அதே கேள்வி அதே நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்திருந்தது. அவர் எழுதியது சட்டமாகுமா, நூலகத்திலேயே கிடக்குமா? எங்களுக்குக் காலை எட்டு மணி, அங்கே பிற்பகல். லேப்டாப்பில் நேரலை.

"நான் பார்க்க மாட்டேன், நீ கேட்டுச் சொல்லு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அம்மாவோடு சமையலறைக்குள் போய்விட்டார்.

தலைமை நீதிபதி வாசிக்கத் தொடங்கினார். நாட்டின் பாதுகாப்பு முக்கியம், அரசின் கவலை நியாயமானது, காவல்துறைக்கு அவகாசம் வேண்டும். இருபது நிமிடமாக இதுவே. ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன்.

"போச்சும்மா! எல்லாம் போச்சு!"

"கத்தாதடி. மேடம் இப்பதான் சாப்பிட உட்கார்ந்தாங்க."

நீதிபதி எட்டிப் பார்த்தார். "யாரோட வாதத்தைப் படிக்கிறாங்க?"

"அரசாங்கத்தோடது. அவங்க வக்கீல்கூட இவ்வளவு நல்லாச் சொல்லியிருக்க மாட்டார்!"

அவர் மெதுவாக எழுந்து வந்தார். "எங்க கோர்ட்ல தோக்கப்போறவங்க வாதத்தைத்தான் முதல்ல வாசிப்போம். நம்ம பேச்சைக் காது கொடுத்துக் கேட்டாங்கன்னு அவங்களுக்குத் தெரியணும் இல்லையா? நான் ஆரம்பிச்ச பழக்கம் அது."

அச்சான தீர்ப்புகளில் முடிவுதான் முதல் பக்கத்தில் வரும். அச்சிலேயே படித்துப் பழகிய எனக்கு இது எப்படித் தெரியும்?

ஹெட்போன் இணைப்பைப் பிடுங்கினேன். "ஆனால்" என்றார் தலைமை நீதிபதி. அடுத்து வந்த வரிகள் எனக்கு மனப்பாடம். என் பக்கத்தில் நிற்பவர் அன்று தனியாக எழுதிய வரிகள்! ஏழு நீதிபதிகளும் ஒரே முடிவு.

"ஜெயிச்சாச்சா? யாராவது சொல்லுங்களேன்!" அம்மா கரண்டியோடு நின்றாள்.

பதில் சொல்வதற்குள் நீதிபதியின் போன் அடித்தது. சிறையில் இருப்பவர்களின் வக்கீல். நீதிபதி எங்கள் வரவேற்பறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே தன் மொழியில் உரக்கக் கத்தினார். எங்களுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. நானும் அம்மாவும் சேர்ந்து கத்தினோம்.