மவுஸ் என் சாப்பாட்டுப் பையில் இருந்த நாள்

பிரேசர் டவுனில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் வேலை செய்கிறேன். நோயாளிகளின் பழைய ஃபைல்களை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார்கள். கவுன்டரிலிருந்து பேரும் வருடமும் எழுதிய சீட்டு வரும். தேடி எடுத்து அனுப்ப வேண்டும். நான் பத்தாவதோடு நின்றவன். என் இடது பக்கத்து நாற்காலியில் இருக்கும் அக்காவும் அவ்வளவுதான் படித்தவர், ஆஸ்டின் டவுன்காரர். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு உடைந்த பிறகு அவரால் மவுஸ் பிடிக்க முடியாது, இடது கைக்கும் அது பழகவில்லை. ஆனால் இடது கையால் கீபோர்டைத் தட்டி அவர் தேடும் வேகம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

தேடுகிற புரோகிராமை மாற்றினார்கள். பழையதில் என்டர் அழுத்தினால் ஃபைல் திறக்கும். புதியதில் ஒரு பட்டியலில் திறந்தது. இன்னொன்றில் அதே என்டர், அடித்த பேரையே அழித்தது. வருடம் கேட்கும் கட்டத்துக்குள் போனால் எந்தக் கீயாலும் வெளியே வர முடியாது. கவுன்டருக்கு அனுப்ப மவுஸின் வலது பட்டன்தான் வழி.

"ஒரு மாசம் டிரையல். வேகம் வராதவங்க கீழ கோடவுனுக்குப் போயிடுங்க" என்றார் சூப்பர்வைசர். கோடவுனில் ஃபைல் கட்டுகளைத் தூக்க வேண்டும். அக்காவின் கை ஒரு தண்ணீர்க் குடத்தைக்கூடத் தாங்காது.

அவருடைய மவுஸ் எங்கள் இருவருக்கும் நடுவில் சும்மா கிடக்கும். அவர் திணறும்போதெல்லாம் நான் இடது கையை நீட்டி அழுத்திவிடுவேன். அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

அந்தப் புரோகிராமை வடிவமைத்த பெண் ஒருநாள் வந்து எங்கள் பின்னால் உட்கார்ந்து பார்த்தாள். கன்னடக்காரப் பெண், தமிழ் பேசுவாள்.

"ஏதாவது கஷ்டம் இருக்கா மேடம்?"

"இல்லம்மா, சூப்பரா இருக்குது" என்றார் அக்கா. நான் தலையாட்டினேன். அவளும் அதையே எழுதிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் காய்ச்சலில் ஒருநாள் லீவு போட்டேன். மறுநாள் வந்தால் அக்காவின் மேசையில் முந்தின நாள் சீட்டுகள் குவிந்து கிடந்தன. சூப்பர்வைசர் அவற்றையும் அக்காவின் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். நான் அழுத்திக் கொடுத்ததால்தான் அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் இன்னொரு தடவைதான் வருவாள். வாய் திறந்து சொல்ல எனக்கு வராது. நாலு பேர் முன்னால் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அவள் வந்த காலை, அக்காவின் மவுஸைக் கழற்றி என் சாப்பாட்டுப் பையில் போட்டுவிட்டேன்.

சீட்டு வந்தது. அக்கா பேரை அடித்தார், என்டர் தட்டினார். பேர் மறைந்தது. என்னைப் பார்த்தார். நான் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாப்பா, மவுஸ் எங்க?"

"தெரியலக்கா."

"கால் மொளச்சு கேன்டீனுக்கு டீ குடிக்கப் போச்சா?"

"மவுஸ் இல்லாமலே பண்ணுங்க மேடம்" என்று அந்தப் பெண் முன்னால் நகர்ந்தாள். மூன்றாவது தடவையும் பேர் மறைந்தபோது அக்காவின் கண் நிறைந்துவிட்டது.

"என்னால முடியாதும்மா. கை சரியில்ல. தெனம் இவருதான் அழுத்தித் தர்றாரு."

"அப்போ போன தடவ நான் பார்த்தது உங்க ரெண்டு பேரையும் சேத்தா?"

பிறகு அவளே கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வருடக் கட்டத்துக்குள் போனாள். வெளியே வர முடியவில்லை. "அய்யோ, நானே மாட்டிக்கிட்டேன்!" என்று சிரித்தவள், சிரிப்பை நிறுத்திவிட்டு நோட்டை எடுத்தாள். மவுஸால் நடப்பதை எல்லாம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தக் கீ கைக்கு எட்டும் என்று அக்காவிடம் கேட்டாள்.

"எங்க போனாலும் என்டர்னா தொறக்கணும், எஸ்கேப்னா வெளிய விடணும். எடத்துக்கு எடம் மாறுனா கை இன்னாம்மா பண்ணும்?" என்றார் அக்கா. அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். சூப்பர்வைசரிடம், திருத்தி அனுப்பும்வரை யாருடைய வேகத்தையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மத்தியானம் டிபன் பாக்ஸை எடுக்கும்போது மவுஸின் வால் வெளியே வந்தது.

"அடப்பாவி! அந்தப் பொண்ணு முன்னாடி என்னை அழவச்சிட்டியே" என்றார் அக்கா. அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். சரிதான் என்று பட்டது. அவரைக் கேட்காமல் செய்தது தப்புதானே.

திருத்திய புரோகிராம் வந்த அன்று சூப்பர்வைசர் எங்கள் பின்னால் வந்து நின்றார். அக்கா தட்டினார், திறந்தது. எஸ்கேப் அழுத்தினார், வெளியே விட்டது. கவுன்டருக்கு அனுப்பவும் ஒரு கீ வந்திருந்தது. நான் பாதிச் சீட்டுகளை முடிப்பதற்குள் அவருடைய மேசை காலி. சூப்பர்வைசர் கோடவுன் பேச்சை எடுக்காமல் போய்விட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பாமலே தன் மவுஸைக் கழற்றி, எனக்கு முன்னால் தள்ளினார்.

"இந்தா, உன் டிபன் பையிலயே வச்சிக்க."

நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.