செவலையின் மடியில் வேறு குடி

மாட்டில் பால் எடுத்து, அதைக் குடிக்காமல் குழாயில் அடைத்துக்கொண்டு வருகிற தொழில் எங்களுடையது. வெளிநாட்டில் பல வருடம் இதைச் செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன் நான். கிருமியின் மரபணுவை வாசித்து, எது எதன் வழி வந்தது என்று சொல்வது வேலை. மாட்டுக்காரருக்கு இதை விளங்கப்படுத்திப் பார்த்தவர்களுக்கு என் பாடு தெரியும்.

கொஞ்சப் பால்

கிழக்கிலங்கையின் கல்முனையில், எங்கள் ஊரில், ஜெமீலா ராத்தாவின் மாடுகளுக்கு மடிநோய். இந்த முறை முதலில் வீங்கியது செவலையின் மடி. பிறகுதான் மற்றவற்றுக்கு வந்தது. செவலைதான் பரப்பியது என்று அவர் கணவர் இஸ்மாயில் காக்கா முடிவுகட்டி, இறைச்சிக்கடைக்காரரிடம் சொல்லியும் விட்டார். ராத்தா கன்றிலிருந்து கைக்குள் வைத்து வளர்த்த மாடு அது. "கிருமியைப் பார்த்துச் சொல்றன், அதுவரைக்கும் பொறுங்க" என்று கெஞ்சி, ஒவ்வொரு மாட்டிலும் கொஞ்சம் பால் எடுத்தேன். காக்கா குழாயைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல ஒரு தேத்தண்ணியும் ஊத்தேலா, தம்பி."

குடி

பெயரளவில் எல்லா மாட்டிலும் ஒரே கிருமி. மரபணுவை வாசித்தால், மற்ற மாடுகளில் இருந்தவை நெருங்கிய உறவு; செவலையில் இருந்தது தூரம். "மரபுவழி வேறு" என்றேன். இருவரும் என்னையே பார்த்தார்கள். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழாக்கி, அந்தத் தமிழையும் தமிழாக்க வேண்டியிருந்தது. கடைசியில் "குடி வேற" என்றேன். எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழி வரும் குலம். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. கிருமிக்கும் தகப்பன் கிடையாது, தாய் இரண்டாகப் பிளந்தால் பிள்ளை. பொருத்தமான சொல்தான் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். ராத்தா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"குடி வேறயெண்டா மாப்புள பேசலாமே, தம்பி!"

மிச்ச மருந்து

வழக்கமான மருந்துக்குச் செவலையின் கிருமி செத்தது, மற்றவை சாகவில்லை. விசாரித்தால், முன்பு மற்ற மாடுகளுக்கு மடி வீங்கியபோதெல்லாம், வீக்கம் வற்றியதும் காக்கா ஊசியை நிறுத்திவிட்டு, மிச்சத்தைப் பிரிஜ்ஜில் வைத்து அடுத்த தடவைக்குப் பாவித்திருக்கிறார். அரைகுறை மருந்தில் சோனிக் கிருமி சாகும், தாக்குப்பிடித்தது நின்று பெருகும் என்றேன். வயற்காரர் அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"அப்ப வித்து நெல்லுத் தெரிஞ்செடுக்கிற மாதிரி, நானே நல்லதாத் தெரிஞ்செடுத்து வளத்திருக்கன்."

ஈரச் சீலைத்துண்டு

அப்படியானால் எப்படிப் பரவியது? கறந்து காட்டச் சொன்னேன். காக்கா சுத்தம் பார்க்கிற மனிதர். ஈரச் சீலைத்துண்டால் ஒரு மடியைத் துடைத்தார். அதையே வாளியில் நனைத்து அடுத்த மடி, அதற்கடுத்த மடி. செவலை மட்டும் ராத்தாவைத் தவிர யாரையும் கிட்ட விடாது. ராத்தா அந்தச் சீலைத்துண்டைத் தொடாமல், கையைக் கழுவிவிட்டு வெறுங்கையால் மடியைத் துடைத்துக் கறப்பார்.

வாசலில் இறைச்சிக்கடை லொறி ஹோர்ன் அடித்தது. காக்கா சீலைத்துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ராத்தா அதைப் பிடுங்கி அவர் தோளில் போட்டார்.

"இஞ்சேருங்க, அறுக்க வந்தவருக்கு இதக் குடுத்தனுப்புங்க."

இரண்டு மொழியில் படித்து, கடல் கடந்து போய்த் திரும்பி வந்து, இந்த ஊருக்கு நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: ஒரு மாட்டுக்கு ஒரு சீலைத்துண்டு.