ஐந்தாம் மாடியில் நான்கு நிமிடம்

எஸ்.டி.என். என்ற, மென்பொருளால் நெட்வொர்க்கை நடத்தும் முறையைப் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்த கண்ட்ரோலர் நல்லது?" என்றுதான். எதற்குப் பயப்பட வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

1. லிஸ்ட்

பழைய முறையில், கருவிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி ஒவ்வொன்றாகப் போய்க் கட்டளை அடிப்போம். தப்பு செய்தால் அந்த ஒரு ஸ்விட்ச்தான் படுக்கும். எஸ்.டி.என்.னில் கண்ட்ரோலர் என்ற ஒரே மென்பொருள் எல்லா ஸ்விட்சுக்கும் உத்தரவு போடும். சரியோ தப்போ, ஒரு தட்டலில் எல்லா இடத்துக்கும் போய்விடும்.

மலேசியாவில், கிள்ளான் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக அதன் ஐந்தாம் மாடியில் மட்டும் இதைப் பொருத்தியிருந்தோம். அது இருதய வார்டு. நான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தினமும் கொமுட்டர் ரயில் ஏறிப் போவேன். காண்ட்ராக்ட் வேலை.

அன்று மதியம் கீழ்த்தள அறையிலிருந்து புதிய பாதுகாப்பு ரூல் ஒன்றை அனுப்பினேன். முதல் உத்தரவு, எல்லாவற்றையும் நிறுத்து. அடுத்து, அனுமதிக்க வேண்டிய கருவிகளின் லிஸ்ட். லேபில் எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்ததுதான். ஆனால் லேபில் கண்ட்ரோலருக்குத் தனி கேபிள் இருந்தது. இங்கே அதன் உத்தரவும் அதே லைனில்தான் போனது. முதல் உத்தரவு போய்ச் சேர்ந்ததும் ஸ்விட்சுகள் எல்லாவற்றையும் நிறுத்தின, கண்ட்ரோலரையும் சேர்த்து. லிஸ்ட் போகவே இல்லை. என் வாயை நானே பொத்திக்கொண்ட கதைதான்.

அந்த வார்டில் பன்னிரண்டு தனி அறைகள். ஏர்கானுக்காகக் கதவுகள் சாத்தியே இருக்கும்; உள்ளே இதயத் துடிப்புக் கருவி கத்தினாலும் கவுண்டருக்குக் கேட்காது. நோயாளியின் இதயத் துடிப்பு நர்ஸ் கவுண்டரில் உள்ள பெரிய ஸ்கிரீனில் தெரியும். இப்போது அது போய்விட்டது.

கோலாலம்பூரில் இருந்த ப்ராஜெக்ட் மேனேஜர் மோகனுக்குப் போன் போட்டேன்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத லா! கன்சோல் கேபிள எடுத்துட்டு மேல போ, பத்து நிமிஷத்துல முடி. வெளிய தெரிஞ்சா ப்ராஜெக்ட்டே போச்சு. உன் காண்ட்ராக்ட்டும் போச்சு."

2. ஐந்தாம் மாடி

கவுண்டரில் தலைமை நர்ஸ், சிஸ்டர் பாக்கியம், எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னம்மா, ஸ்கிரீன் செத்துப்போச்சு. உங்க வேலையா? பொண்ணுங்கள ரூம் ரூமா அனுப்பட்டுமா?"

"வேணாம் சிஸ்டர். சின்ன அப்டேட்தான். ரெண்டு நிமிஷம்."

அவர் உட்கார்ந்துவிட்டார். என்னை நம்பினார். பாவி நான்.

ஸ்விட்ச் அறைக்குள் போய் லேப்டாப்பைக் கன்சோல் கேபிளால் நேராக ஸ்விட்சில் செருகினேன். அவசரத்தில் பாஸ்வேர்டு இரண்டு தரம் தப்பியது. மூன்றாவது முறை அடிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் பீப், பீப் என்று மெல்லிய சத்தம். யூ.பி.எஸ். பேட்டரியின் சத்தமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லை, ஏதோ ஓர் அறையின் கருவிதான் என்று நன்றாகத் தெரியும். வெளியே போனால் வேலை போகும். போகாவிட்டால்? லேப்டாப் கடிகாரத்தைப் பார்த்தேன்; சிஸ்டரை உட்கார வைத்து நான்கு நிமிடம் போயிருந்தது.

எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினேன். "சிஸ்டர், நான் பொய் சொல்லிட்டேன்! இது அப்டேட் இல்ல. ஒரு ரூமும் உங்க ஸ்கிரீன்ல தெரியாது. எங்கேயோ பீப் கேக்குது, ஓடுங்க!"

அவர் என்னைத் திட்டக்கூட நிற்கவில்லை. ஒன்பதாம் அறைக் கதவைத் திறந்ததும் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. உள்ளே பண்டமாரானைச் சேர்ந்த லோரி டிரைவர் ஒருவர், முகம் சாம்பல் நிறமாகிக் கிடந்தார். துணைக்கு இருந்த மனைவி கேன்டீனுக்குப் போயிருந்தார். சிஸ்டர் கட்டில்மேல் ஏறி நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். நான் திரும்பிப் போய் அந்த ரூலை ஒவ்வொரு ஸ்விட்சிலும் அழித்தேன். ஸ்கிரீன் திரும்ப வர மொத்தம் பத்தொன்பது நிமிடம்.

அந்த டிரைவர் பிழைத்துவிட்டார்.

சாயங்காலம் லிஃப்ட் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தேன். அவர் மனைவி வந்து என் கையைப் பிடித்தார்.

"அழாதம்மா. நீ ஓடி வந்து சொன்னதாலதான் இவரு பொழச்சாருன்னு நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு. நீ நல்லா இருக்கணும்."

கையில், ஆவியில் வெந்த சீன ரொட்டியான பாவ் பொட்டலம் ஒன்றைத் திணித்தார். வாங்கிக்கொண்டேன். கவுண்டரிலிருந்து சிஸ்டர் பாக்கியம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் வந்து கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று எழுதிய ரிப்போர்ட்டில் சிஸ்டரைத் தடுத்ததையும் எழுதினேன். மோகன் கூப்பிட்டு, "அந்த வரிய எடுத்துட்டு அனுப்பு" என்றார். எடுத்துவிட்டேன். பின்னால் வந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் கண்ட்ரோலருக்குத் தனி லைன் வேண்டும் என்று சரியாகவே எழுதியிருந்தார்கள்.

தனி லைன் போடுங்கள், அவசியம். ஆனால் கோளாறு வந்தால் ஸ்விட்ச் அறைக்கு ஓடாதீர்கள். முதலில் கவுண்டருக்குப் போய் உண்மையைச் சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும். அந்தக் கட்டுரையில், கோளாறு பத்தொன்பது நிமிடத்தில் சீரானது என்று இருக்கிறது. அதில் நான்கு நிமிடம், ஆள் அனுப்ப எழுந்து நின்றவரை நான் உட்கார வைத்த நேரம். அதை இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.