உறுப்பினர் தீபலட்சுமி

சைக்கிள் கிளப்பில் சேர வேண்டும் என்று தீபலட்சுமி நினைத்ததே இல்லை. சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. கருவடிக்குப்பத்திலிருந்து கோரிமேடு வழியாகத் தினமும் சைக்கிளில்தான் போய்வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, ஹெல்மெட்டும் இறுக்கமான சட்டையும் போட்ட ஒரு கூட்டம் அவளை முந்திக்கொண்டு போனது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை. மேடு வந்ததும் எழுந்து நின்று மிதித்து, அதில் நாலைந்து பேரைத் திரும்ப முந்தினாள். கடைசியாக முந்தப்பட்ட வயதானவர் மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "யாரும்மா நீ? இந்தக் கட்டை வண்டியில இப்படி மிதிக்கிற, நல்ல வண்டி குடுத்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டார். அவர் சவரிராயன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், ஊர் வழக்கில் சொல்தா; கிளப்பின் தலைவர். எல்லோரும் அவரை முசியே என்றுதான் கூப்பிடுவார்கள்.

தீபலட்சுமியின் அதற்கு முந்தைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிறந்தது கனகசெட்டிக்குளத்தில். அப்பா இருசப்பன் கடலுக்குப் போனார், அம்மா கூடையில் மீன் விற்றாள். பத்தாவது வரை படிப்பு. கடலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். சில வருஷங்களில் திரும்பி வந்துவிட்டாள். கேட்டால், "ஒத்து வரல" என்பாள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்றே தோன்றுகிறது. அண்ணன் முத்துவேல் எலக்ட்ரீஷியன் வேலைக்காகக் கருவடிக்குப்பத்தில் வாடகைக்கு வந்தபோது அவளையும் அழைத்துக்கொண்டான். கம்பெனி வேலையும் அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் சொல்லிக் கிடைத்ததுதான். அந்த வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதும் ஒரு தயவுதான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

கிளப்பில் தயவு இல்லை. சந்தா கட்ட வேண்டும், கட்டினாள். சொந்தமாகக் கியர் வண்டி இல்லாதவர்கள் எடுத்துக்கொள்ள, ஊரைவிட்டுப் போகும் வெளிநாட்டுக்காரர்களிடம் கிளப் வாங்கிப் போட்ட பழைய வண்டிகள் சில இருந்தன. பச்சை வண்டி அவளுக்கு வந்தது. அவளுக்கு முன்னால் அதை ஓட்டியவர் செயலாளர் எழிலரசன், வங்கியில் அதிகாரி. அவர் சொந்த வண்டி வாங்கியதும் அது சும்மா நின்றது, இவள் எடுத்துக்கொண்டாள். ஞாயிறு விடிகாலை பீச் ரோட்டில் கூடி, பெரும்பாலும் ஈசிஆரில் வடக்கே போய்த் திரும்புவார்கள். எதிர்க்காற்று அடிக்கும் நாளில் முன்னால் போகிறவர்தான் காற்றைத் தாங்குவார். பின்னால் வருகிறவர்களுக்குக் கால் லேசாக இருக்கும். அதனால் ஆளுக்குக் கொஞ்ச தூரம் என்று முறை வைத்து முன்னால் போவார்கள். அவளுடைய முறை வரும்போது வங்கி அதிகாரியும் ஆடிட்டரும் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. தன் வேகத்தைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. கடையில் டீ குடிக்கும்போது மெதுவாக வந்தவர்களைக் கிண்டல் செய்வாள். அதை எல்லோரும் ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது.

மூன்றாம் வருஷம் எழிலரசன் ஒரு யோசனையோடு வந்தார். தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பெரிய கம்பெனி, பேட்டைக்கு வேலைக்கு வரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்கித்தர நிதி கொடுக்கத் தயார். ஆனால் கிளப்புக்குத் தராது, அறக்கட்டளைக்குத்தான் தரும். ஆகவே கிளப்பை அறக்கட்டளையாக மாற்றிவிடலாம். ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர்கள் கை தூக்கினால் போதும்.

ஒரு பள்ளிக்கூடத்து மாடியில் கூட்டம் நடந்தது.

"நாம ஞாயித்துக்கிழமை ஆனா எங்க போறோம்?" என்று எழிலரசன் கேட்டார். "காலாப்பட்டு தாண்டிப் போயி பொங்கலும் வடையும் சாப்பிட்டுத் திரும்பி வரோம். உடம்புல குறைஞ்சதைவிட அதிகமா ஏத்திக்கிட்டு வரோம். இதனால ஊருக்கு என்ன?"

"ஊருக்கு ஒண்ணுமில்ல," என்றார் சவரிராயன். "ஊருக்கு ஒண்ணு வேணும்னு யாரு சொன்னா? இது அமிக்கால், சிநேகிதங்க சங்கம். கூட்டாளிங்க சேர்ந்து வண்டி ஓட்டறோம். புண்ணியம் வேணும்னா கோயிலுக்குப் போ, நான் சர்ச்சுக்குப் போறேன்."

"உங்களுக்கு என்ன முசியே, பென்ஷன் யூரோவுல வருது."

"வருதுல்ல? அதுக்கு நான் சுட்டேன், சுடப்பட்டேன். நீ போய் ஒரு குண்டு வாங்கிக்க, உனக்கும் வரும்."

சிரிப்பு அடங்கியதும் ஆடிட்டர் பாரதி எழுந்தாள். ஞாயிறு சவாரிக்கு வருகிற இன்னொரு பெண் அவள்தான். வரைவு விதிகளைத் தயாரித்தவளும் அவளே. அறக்கட்டளையின் பொருள் பொதுமக்களுக்கானது, உறுப்பினர்கள் அதைத் தங்களுக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விளக்கினாள். "கிளப் வண்டிங்களும் அதுல சேரும். உறுப்பினர் ஓட்டினா ஆடிட்ல கேள்வி வரும். பயனாளிதான் ஓட்டணும்."

அப்போது கிளப் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவள் தீபலட்சுமி மட்டுமே. எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"தீபாவுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல," என்றார் எழிலரசன். உண்மையான அன்போடுதான் சொன்னார். "பயனாளி பட்டியல்ல முதல் பேரா போட்டுடலாம். அதே வண்டி, அதே ரோடு. ஞாயித்துக்கிழமை எப்பவும் போல வாங்க. பேரு மட்டும்தான் மாறுது."

"ஓட்டு சார்?"

"என்ன ஓட்டு?"

"பயனாளிக்கு ஓட்டு உண்டா?"

எழிலரசன் பாரதியைப் பார்த்தார். பாரதி இல்லை என்று தலையாட்டினாள்.

"அது வருஷத்துக்கு ஒரு தடவ கை தூக்கறதும்மா," என்றார் அவர். "அதுல என்ன இருக்கு?"

ஓட்டெடுப்பை இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். மறுநாள் காலை கோரிமேட்டில் மிதிக்கும்போதுதான் அவளுக்குக் கேள்வி வந்தது: அந்தப் பச்சை வண்டியை எழிலரசன் ஓட்டியபோது அவர் யார்? பயனாளியா? கூட்டத்திலேயே கேட்டிருக்கலாம் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கேட்டிருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது. நான் உறுப்பினர் என்று அவர் சொல்லியிருப்பார். அது சரியான பதிலும்கூட. ஒரு பொருளைத் தன் முறைக்கு எடுப்பதும் அதையே ஒருவர் தர வாங்கிக்கொள்வதும் வேறு வேறு. ஆனால் அந்த வேறுபாடு வண்டியில் எங்கும் தெரிவதில்லை. அதனால் வாங்குகிறவரைத் தவிர யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

வாங்கப்போகிறவர்களிலும் எல்லோரும் பொருட்படுத்துவதில்லை என்பதை வீட்டிலேயே பார்த்தாள். அண்ணி கலைவாணி அதே தொழிற்பேட்டையில் தையல் கம்பெனிக்குப் போகிறவள். பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வருவாள். சைக்கிள் தரப்போகிறார்கள் என்ற செய்தி அவள் கம்பெனிக்கு ஏற்கெனவே போயிருந்தது.

"நீ அதுல பெரிய ஆளாமே," என்றாள் கலைவாணி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "எனக்கு ஒண்ணு சொல்லி வை. கூடை வெச்சது."

"அண்ணி, அது வந்தா கிளப் வண்டிய வெச்சுக்கிட்டு நான் மெம்பரா இருக்க முடியாது."

"இல்லாட்டி போயேன். வண்டிய புடுங்கிக்கறாங்களா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா?"

தீபலட்சுமி ஓட்டைப் பற்றிச் சொன்னாள். கலைவாணி கத்தியை நிறுத்திக் கேட்டாள்.

"எனக்குங்கூடதான் ஓட்டு இருக்கு. ஓட்டு போடறேன், அப்புறம் பஸ்ஸுல தொங்கறேன். நீ ஒரு கை தூக்கறதுக்காக அத்தினி பொம்பளைங்களும் தொங்கணுமா?"

"வேற எங்க அண்ணி என்னைக் கேட்டுச் செய்யறாங்க?" என்றாள் தீபலட்சுமி.

கலைவாணி மிச்ச வெங்காயத்தையும் நறுக்கி முடித்தாள். பிறகு, "இங்க கேக்கலன்னு சொல்றியா?" என்றாள்.

"அப்படிச் சொல்லல."

"சொல்லிட்டு இல்லங்காத." வெங்காயத்தை வாணலியில் கொட்டினாள்.

இரண்டு வாரம் கழித்து ஓட்டெடுப்பு நடந்தது. அறக்கட்டளையை எதிர்த்து சவரிராயனும் இன்னும் சிலரும் கை தூக்கினார்கள். தீபலட்சுமியும் தூக்கினாள். அதில் பெரிய நியாயம் ஒன்றும் அவள் கற்பித்துக்கொள்ளவில்லை, தனக்காகத்தான் தூக்கினாள். பஸ்ஸில் நிற்கும் பெண்களைத் தராசின் ஒரு தட்டில் வைத்தால், மறு தட்டில் இருந்தது அவள் ஒருத்தியின் மரியாதை மட்டும். எது கனம் என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. தீர்மானம் தாராளமாக நிறைவேறியது. அவள் கை இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து மறைக்காமல் சொன்னாள். "எதுத்துக் கை தூக்கினேன் அண்ணி."

"தெரியும். ஜெயிச்சியா?"

"தோத்துட்டேன்."

"அப்போ விடு. சோறு போடவா?"

அடுத்த வாரம் எழிலரசன் பட்டியலோடு வந்தபோது, தான் உறுப்பினராகவே இருந்துகொள்வதாகத் தீபலட்சுமி சொன்னாள். பச்சை வண்டியைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, கிளப் அறையில் நிறுத்திவிட்டு வந்தாள். "இப்படி அடம் பிடிக்கலாமா?" என்று அவர் வருத்தப்பட்டார். கொடுக்கத் தயாராக இருக்கும் ஒருவருக்கு, வாங்க மறுக்கிறவர் சற்று நன்றி கெட்டவராகத்தான் தெரிவார்.

வழங்கும் விழா கம்பெனி வளாகத்தில் நடந்தது. பந்தல், பேனர், வரிசையாகப் புது சைக்கிள்கள். உறுப்பினர்கள் ஒரே நிறச் சட்டையில் மேடையில் நிற்க வேண்டும். பெயர் கூப்பிட்டதும் ஆளுக்கு ஒரு வண்டியைக் கொடுக்க வேண்டும். தீபலட்சுமியின் முறை வந்தபோது மைக்கில் கலைவாணியின் பெயரை வாசித்தார்கள். தற்செயல்தான், மைக்கில் இருந்தவருக்கு இருவரும் ஒரே வீடு என்பது தெரியாது.

கலைவாணி நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். மேடையேறி நாத்தனாருக்கு எல்லோரையும் போலவே ஒரு கும்பிடு போட்டாள். போட்டோக்காரர் இருவரையும் ஹேண்டில்பாரைப் பிடிக்கச் சொன்னார். எடுத்து முடித்த பிறகும் தீபலட்சுமி கையை எடுக்கவில்லை.

"விடுடீ," என்றாள் கலைவாணி உதடு அசையாமல். "குடுத்துட்டல்ல?"

கீழே இறங்கும்போது அவள் சிரித்துக்கொண்டே போனாள். கூடை வைத்த வண்டிதான் கிடைத்திருந்தது.

தீபலட்சுமி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் கியர் இல்லாத ஒரு பழைய வண்டியைப் பிடித்தாள். வேலைக்குப் போய்வரும் அவளுடைய வண்டியைவிடக் கொஞ்சம் லேசு, அவ்வளவுதான். ஞாயிறு சவாரியில் அவளால் இப்போது முன்னால் போக முடிவதில்லை. பொம்மையார்பாளையம் வரை ஒட்டிக்கொண்டு வருவாள், பிறகு பின்தங்கிவிடுவாள். அவள் டீக்கடைக்கு வந்து சேரும்போது மற்றவர்கள் கிளம்பத் தயாராக இருப்பார்கள். முன்பு அவளிடம் கிண்டல் வாங்கியவர்கள் இப்போது திருப்பிக் கொடுத்தார்கள். அதை அவள் எதிர்பார்த்தே இருந்தாள். தோற்ற கோபத்தில் சில மாதம் வராமல் இருந்த சவரிராயன், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல வந்து சேர்ந்துகொண்டார். தலைவர் பதவியை மட்டும் விட்டுவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை என் வண்டி சும்மாதான் நிக்குது, எடுத்துக்கிட்டுப் போயேன்," என்று கலைவாணி ஒருமுறை சொன்னாள்.

"மெம்பருங்க எடுக்கக் கூடாது."

"அய்ய. எவன் வந்து பாக்கப் போறான்?"

தீபலட்சுமி எடுக்கவில்லை. கலைவாணியும் மறுபடி சொல்லவில்லை. அதில் கோபம் இல்லை. தினமும் காலையில் இருவரும் சேர்ந்துதான் கோரிமேடு வழியாக வேலைக்குப் போகிறார்கள். மேட்டில் கலைவாணி இறங்கித் தள்ளிக்கொண்டு வருவாள். தீபலட்சுமி மேலே போய்க் காத்திருப்பாள்.

ஆண்டு இறுதியில் அறக்கட்டளையின் பொதுக்குழு கூடியது. கணக்கு வாசித்தார்கள், நன்றி சொன்னார்கள். கடைசியாகப் பெயர்ப்பலகையின் நிறம். எழிலரசன் நீலம் என்றார். சிலர் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, நீலம்," என்று எழுதத் தொடங்கினார் எழிலரசன். "ஏகமனதாக..."

"சார், ஏகமனதா இல்ல," என்றாள் தீபலட்சுமி.

"ஏன், நீலம் புடிக்கலையா?"

"இன்னும் கேக்கவே இல்லயே சார். கேட்டுட்டு எழுதுங்க."

பின்வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். எழிலரசன் பேனாவை மூடி, பெருமூச்சு விட்டு, நீலத்துக்கு ஆதரவாக இருப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார். ஒவ்வொன்றாக எண்ணினார். எல்லாக் கைகளும் மேலே இருந்தன, தீபலட்சுமியுடையதும்.