இடக்கையால் அயன் பண்ணியவள்

யோகராணி அக்காவுக்கு இடக்கைப் பழக்கம். திருகோணமலையில் மாமியார் வீட்டில் அந்தக் கையால் பரிமாறிய சோற்றை ஒருவரும் தொடவில்லையாம். அதை என்னிடம் நூறு தரம் சொல்லியிருப்பார்.

நாடு விட்டு வந்தபின் செயின்ட்-மிஷேலில் ஒரு லோண்டரியில் பத்தொன்பது வருசம் ஒன்றாக நின்றோம். ஹோட்டல் மேசைவிரிப்புகளை அவர் அயன் பண்ணுவார், நான் மடிப்பேன். அந்த நீராவிச் சூட்டையும், இடைவேளையில் இரண்டு பேரும் பங்குபோட்ட இடியப்பத்தையும் நினைத்தால் இப்பவும் நெஞ்சு இளகிவிடும். வேலையில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தமிழ் ஆக்கள் யாரும் உள்ளே வந்தால் போதும், அயனைச் சட்டென்று வலக்கைக்கு மாற்றிவிடுவார். ஒருமுறை அப்படி மாற்றப்போய் மணிக்கட்டைச் சுட்டுக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இருவரும் ஓய்வுபெற்றுவிட்டோம். போன மாதம் மியூசியத்தில் பழைய பிரெஞ்சு அச்சுப்படங்கள் பார்க்கப் போனோம். ராசா ராணி யாரும் இல்லை. கல் உடைப்பவர்கள், தையல்காரிகள், மூட்டை சுமப்பவர்கள். ஒரு படத்தில் ஒருத்தி குனிந்து அயன் பண்ணிக்கொண்டிருந்தாள், இடக்கையால்.

“மதி, இஞ்ச பார்! என்னைப் போல ஒருத்தி!”

அக்கா போட்ட சத்தத்தில் காவலாளி திரும்பிப் பார்த்தார். அக்காவின் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதேயில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் நான். பக்கத்தில் பிரெஞ்சில் எழுதியிருந்ததை வாசித்துச் சொல்லிவிட்டேன். தகட்டில் கீறியதைத் தாளில் அழுத்தும்போது இடம் வலமாக மாறிவிடுமாம்.

“அவளும் வலக்கைக்காறிதான் அக்கா. அச்சில மாறிப்போச்சு.”

அக்காவின் முகம் வாடிப்போனது. என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு படம் தள்ளிப் போனவர், திரும்பி வந்து அதன் முன்னே நின்றார்.

“கீறினவருக்கு இது மாறும் எண்டு முந்தியே தெரியுந்தானே?”

“ஓம், தெரியாமல் இருக்குமே? அதுதானே அவரின்ர தொழில்.”

“தகட்டில மாத்திக் கீறியிருந்தால் தாளில சரியா வந்திருக்கும். அவர் அப்பிடிக் கீறேல்ல.” அக்கா படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அந்த மனுசனுக்கு இது ஒரு பிழையாத் தெரியேல்ல, மதி.”

பத்தொன்பது வருசம் பக்கத்தில் நின்றும், இடக்கை பிழையில்லை என்ற அந்த ஒரு வார்த்தையை நான் அவருக்குச் சொன்னதில்லை.