சந்தனம் பூசிய ஹார்ட் டிஸ்க்

மாசப்பிறப்பு அன்று என் கணவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. காலையில் தர்ப்பணம். அது முடிந்து இலையில் உட்கார்ந்து எழுந்த பிறகு கம்ப்யூட்டருக்கு டிஸ்க் இமேஜ். இரண்டுக்கும் நடுவில் யாரும் பேசக்கூடாது. சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க் வைத்திருக்கிறார். அதைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு, எத்தனை சதவீதம் ஆயிற்று என்று பார்த்தபடியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு மாதத்தில் ஒரு நாளாவது ஆபீஸ் வேண்டியிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

"இமேஜுன்னா போட்டோவா?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"போட்டோ இல்லை. ஆத்துல நாலு சாமானை எடுத்துப் பெட்டியில வெக்கறது வேற. இது ஆத்தையே ஆணி, ஒட்டடை உள்பட அப்படியே பதிச்சு வெக்கறதாக்கும். கம்ப்யூட்டர் செத்தாலும் அன்னிக்கு எப்படி இருந்ததோ அப்படியே எழுப்பிடலாம், கேட்டியா?"

கேட்டுக்கொண்டேன். ஆனால் அதில் எனக்கு ஆபத்து இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

நான் ஐந்தாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். யாரிடமும் நாலு வார்த்தை சேர்த்துப் பேச எனக்கு வராது. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ஆனால் எழுத வரும். நோட்டில் எழுதினால் யாராவது புரட்டுவார்கள். அதனால் அவர் மத்தியானம் தூங்கும்போது கம்ப்யூட்டரில் எழுத ஆரம்பித்தேன். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசையாக வரும், மவுஸால் ஒவ்வொன்றாகக் குத்த வேண்டும். ஒரு பக்கம் முடிக்க ஒரு வாரம் ஆகும். எழுதியதற்கு 'நாரத்தங்காய்' என்று பெயர் வைத்தேன். அவருக்கு நாரத்தங்காய் ஆகாது, கண்ணெடுத்துப் பார்க்க மாட்டார் என்ற தைரியம்.

அதில் நான் எழுதியது பஸ் விஷயம்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கிழக்கேகோட்டையிலிருந்து கரமனைக்குப் பஸ்ஸில் வந்தோம். நான் முன்பக்கம், அவர் பின்பக்கம். கரமனை வந்ததும் அவர் இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, எங்கள் கரமனையைத் தாண்டிப் பாப்பனங்கோடு வரை போனேன். இது நடந்தது. ஆனால் வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் சொல்வது வேறு. "இவ ஜன்னல் வழியா புடவைக் கடையைப் பார்த்துண்டே உக்காந்துட்டா. நான் கூப்பிட்ட கூப்பாடு ஊருக்கே கேட்டது, இவளுக்கு மட்டும் கேக்கலை" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு சிரிப்பேன். எத்தனை தடவை சொன்னாரோ, எனக்கே புடவைக் கடை ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டது. அந்தப் பயத்தில்தான் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் தாராளமாகவே எழுதிவிட்டேன். பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த முருங்கைக்காய்க்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூட எனக்குக் கிடைக்கவில்லை என்பது அதில் ஒரு வரி.

புரட்டாசி மாசப்பிறப்பு முடிந்து நாலு நாள் கழித்து, "மவுஸுல யாரு எண்ணெய்க் கையை வெச்சா?" என்று கேட்டார். அன்று மத்தியானமே நாரத்தங்காயை அழித்தேன். திரையில் இருக்கும் குப்பைக்கூடையையும் காலி செய்தேன். ஒரு மாதத்து உழைப்பு போனதில் வருத்தம்தான். ஆனாலும் நிம்மதி.

நவராத்திரி அஷ்டமி அன்று காலையில் அவர் பாங்குக்குப் போயிருந்தார். மறுபடியும் எழுதலாமா என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். அது என்னவோ தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது, அணைக்காதே என்று போட்டிருந்தது. வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நான் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு அடுக்களைக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. அவர் கரண்டைத் திட்டினார், கம்பெனிக்காரனைத் திட்டினார். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"சாரமில்லை, போனாப் போறது. இமேஜ் இருக்கே. ஊணு கழிச்சு உக்காந்தேன்னா மாசப்பிறப்பு அன்னிக்கு இருந்தபடியே கொண்டு வந்துடுவேன்."

"எல்லாமுமா?"

"எல்லாமும். அப்பறம் அழிச்சதுகூடத் திரும்பி வந்துடும்."

கத்தி என் கையிலேயே நின்றது. மாசப்பிறப்பு அன்று நாரத்தங்காய் உயிரோடு இருந்தது.

அவர் சாப்பிட உட்கார்ந்ததும் நான் ஒரு காரியம் செய்தேன். சாயங்காலம் வைக்க வேண்டிய சரஸ்வதி பூஜையை மத்தியானமே வைத்துவிட்டேன். பலகையில் பட்டு விரித்து, பாராயணப் புஸ்தகங்கள், பஞ்சாங்கம், அவருடைய பேனா, எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கறுப்பு டிஸ்க். அதற்குச் சந்தனம், குங்குமம், ஒரு கொத்துத் தெச்சிப்பூ. ஒயர் மாட்டுகிற வாயின் பக்கத்தில் சந்தனம் சற்று அதிகமாகவே விழுந்தது. கை தவறி விழுந்தது என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கையலம்பிவிட்டு வந்தவர் அப்படியே நின்றார். "என்னடி இது?"

"அஷ்டமியோல்லியோ. பூஜை வெச்சாச்சு."

"அதை எதுக்குடி வெச்சே? எனக்கு இப்போ வேணும்."

"உங்க ஆயுதம் அதுதானே. விஜயதசமி காலம்பற எடுத்துக்குங்கோ."

பூஜை வைத்துவிட்டால் எடுக்கும்வரை ஓர் எழுத்தைக்கூடப் படிக்கக்கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டவரே அவர்தான். போன வருஷம் சாம்பார்ப்பொடி பாக்கெட்டின் பின்பக்கத்தை நான் படித்ததற்கே கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னவர்.

எனக்கு இரண்டு நாள் கிடைத்தது. ஆனால் அந்த இரண்டு நாளும் நன்றாகப் போகவில்லை. விளக்கேற்றும்போதெல்லாம் டிஸ்க்கின் வாயில் சந்தனம் காய்ந்து வெடித்திருப்பது கண்ணில் பட்டது. பெண்ணின் கல்யாணப் போட்டோக்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. அவர் அம்மா சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்த ஸ்லோகங்கள் இருந்தன. அம்மா இப்போது இல்லை. என் நாலு வரி வெளியே வரக்கூடாது என்பதற்காக இதையெல்லாம் சந்தனத்தால் அடைத்திருக்கிறேன். சரஸ்வதிக்கு முன்னால் நின்று என்ன வேண்டிக்கொள்வது என்றே தெரியவில்லை. டிஸ்க் கெட வேண்டும் என்றா, கெடக்கூடாது என்றா.

விஜயதசமி காலையில் அவர் குளிக்கப் போனதும் பூஜையை எடுத்தேன். ஒரு ஊக்கை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, டிஸ்க்கின் வாயிலிருந்து சந்தனத்தைத் துகள் துகளாகச் சுரண்டினேன். துணியால் துடைத்தேன். ஊதினேன். நிமிர்ந்தால் அவர் ஈரத் துண்டோடு வாசற்படியில்.

"சந்தனம் நன்னா வந்துடுத்தா?" என்றார்.

"வந்துடுத்து."

"பூசினவளே சுரண்டறா" என்று சொல்லிவிட்டு விபூதி எடுக்கப் போனார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று என்னால் கணிக்க முடியவில்லை.

அன்றைய முதல் எழுத்தாக அரிசியில் ஹரிஸ்ரீ எழுதிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஏதோ பென் டிரைவைச் செருகினார், டிஸ்க்கை மாட்டினார். சதவீதம் ஏற ஆரம்பித்தது. "கோவிலுக்குப் போயிட்டு வாங்கோ, நான் பார்த்துக்கறேன்" என்றேன். "இப்போ வேண்டாம், சாயங்காலம் போனா மதி" என்று அசையாமல் இருந்தார். நான் நாலு தரம் காப்பி கொடுத்தேன். நாலையும் குடித்தார், எழுந்திருக்கவில்லை.

நூறு ஆயிற்று. கம்ப்யூட்டர் ஒரு தடவை கறுத்து, விழித்தது. கல்யாணப் போட்டோ வந்தது. ஸ்லோகம் வந்தது. எல்லாம் சரியாக வந்ததா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பது அவர் முறை. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"நாரத்தங்காயா? இது யாரோடது?"

மவுஸ் ஒரு சத்தம் போட்டது. படிக்க ஆரம்பித்துவிட்டார். நடுவில் ஒருமுறை மூக்கால் சிரித்தார். முருங்கைக்காய் வரி அதுவாக இருக்கும். பிறகு நாற்காலி கிறீச்சிட்டது.

"இங்கே வாடி."

போனேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இதுல ஒரு தப்பு இருக்கு."

"ஒண்ணுதானா?"

"நான் திரும்பிப் பார்த்தேன். பார்க்கவே இல்லைன்னு எழுதியிருக்கே."

"ஆத்து வாசல்ல வந்துன்னா பார்த்தேள். சாவி என்கிட்ட இருந்தது, அதனால."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்தெட்டு வருஷத்தில் நான் அந்தக் கதைக்குப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. புடவைக் கடையைப் பற்றி அவரும் பேசவில்லை.

"பின்னே, கண்டக்டர் டிக்கெட் கேட்டான்னு போட்டுருக்கே. டிக்கெட் என்கிட்டன்னா இருந்தது. ஆம்படையான் பேரு என்னன்னு கேட்டான்னு எழுதி அதோட நிறுத்திட்டே. என்ன சொன்னே? என் பேரை நீ சொல்லமாட்டியே."

"சொல்லலை."

"பின்னே?"

எனக்கு முகமெல்லாம் சுட்டது. "அதைச் சொல்ல வராது. எழுதறேன்."

"எழுது. இன்னிக்கு எழுத வேண்டிய நாளாக்கும். அதையும் சேர்த்துத்தான் புது இமேஜ் எடுக்கப் போறேன்."

எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதில் உட்கார்ந்தது கூச்சமாக இருந்தது. டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றார். நான் எழுத்தைத் தேடித் தேடிக் குத்தினேன். தெரிந்த எழுத்தையும் தேடினேன், அவசரப்படவில்லை. அரை மணி நேரத்தில் இரண்டு வரி ஆயிற்று:

'பேரு எனக்கு வாயில் வராது சார், முருங்கைக்காயைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதலில் இறங்கினாரே, அவர்தான் என்றேன். பஸ்ஸில் எல்லாரும் அவரைப் பார்த்திருந்தார்கள், கண்டக்டர் அப்புறம் என்னிடம் டிக்கெட் கேட்கவில்லை.'

அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"எல்லாருமா பார்த்தா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் குனிந்து டிஸ்க்கை மாட்டினார்.